மூளைக் காயத்துக்குப் பிந்தைய சமூக ஆதரவுச் சேவை: பயன் தருகிறதா என்று அளப்பது எப்படி?

தலையில் அடிபட்டு மூளை பாதிக்கப்பட்ட ஒருவர் மருத்துவமனையை விட்டு வீடு திரும்பிய பிறகுதான் நெடுங்கால வேலை தொடங்குகிறது. நடை திரும்பியிருக்கும், பேச்சும் தெளிவாக இருக்கும். ஆனால் காலையில் எழுந்ததும் ஒரு வேலையைத் தானாகத் தொடங்க வராது. அடுப்பைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோவார். சின்ன விஷயத்துக்குக் கோபம் பொங்கும். நண்பர்கள் ஒவ்வொருவராக விலகிப்போவார்கள். இவர்களுக்காக நடக்கும் பகல்நேர மையங்கள், வீட்டுக்கு வரும் உதவிப் பணியாளர்கள், வேலைக்குத் திரும்ப உதவும் திட்டங்கள், குடும்பத்தாருக்கான கூட்டங்கள் ஆகியவற்றை எல்லாம் சேர்த்துத்தான் சமூக ஆதரவுச் சேவை என்கிறோம்.

அப்படியொரு சேவையை மதிப்பிடும் பொறுப்பு முதல்முறையாக உங்களிடம் வந்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கானது. ஒரு தாளைக் கொடுத்து, திருப்தியா என்று கேட்டு, எத்தனை பேர் ஆம் என்றார்கள் என்று எழுதிவிடுவது எளிது. அதிலிருந்து அநேகமாக எதுவும் தெரியவராது. மூளைக் காயம் நினைவாற்றலையும், தன்னைப் பற்றித் தானே செய்யும் கணிப்பையும் சேர்த்தே பாதிக்கிறது. அதனால் மற்றச் சேவைகளுக்குப் பழகிய மதிப்பீட்டு முறை இங்கே அப்படியே செல்லாது. எங்கள் அழுத்தமான கருத்து: அளக்க வேண்டியது அந்த மனிதருடைய சாதாரணமான ஒரு வாரத்தை. அவர் எங்கே போனார், யாரோடு இருந்தார், எதைத் தானாகச் செய்தார், எதற்கு யார் கூட நிற்க வேண்டியிருந்தது? சேவை தொடங்கும் முன் இருந்த வாரமும் பிறகு வந்த வாரமும் எப்படி வேறுபடுகின்றன? மற்ற அளவுகள் எல்லாம் இதற்குத் துணை.

படி 1: எந்த முடிவுக்காக இந்த மதிப்பீடு?

வேலையைத் தொடங்கும் முன் பொறுப்பாளர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்த அறிக்கை வந்ததும் நீங்கள் எதை மாற்றப்போகிறீர்கள்?" நிதியைத் தொடர்வதா, பணியாளர்களின் நேரத்தை வேறு விதமாகப் பிரிப்பதா, யாரைச் சேர்த்துக்கொள்வது என்ற விதியைத் திருத்துவதா? பதில் எதுவும் இல்லையென்றால் மதிப்பீட்டைத் தள்ளிவையுங்கள். களைப்போடும் மறதியோடும் போராடும் மனிதர்களிடம் பயனற்ற கேள்விகளோடு போய் நிற்பது நியாயமில்லை.

பதில் கிடைத்தால், அதை 3 கேள்விகளுக்கு மேல் போகாதபடி சுருக்குங்கள். புதியவர்கள் பெரும்பாலும் 12 கேள்விகளோடு தொடங்கி, எதற்கும் உருப்படியான பதில் இல்லாமல் முடிக்கிறார்கள்.

படி 2: சேவை என்ன செய்வதாகச் சொல்கிறது?

ஒரே பக்கத்தில், இடமிருந்து வலமாக நான்கு கட்டங்கள் வரையுங்கள்: உள்ளே போவது (ஆட்கள், மணிநேரம், இடம்), செய்வது (வீட்டுக்குப் போதல், குழுக் கூட்டம், பயிற்சி), உடனே தெரிய வேண்டிய மாற்றம், ஓராண்டில் தெரிய வேண்டிய மாற்றம். கட்டங்களுக்கு நடுவே அம்புக்குறி போடும்போது, "இது ஏன் அதை உண்டாக்கும்?" என்று பணியாளர்களிடமே கேளுங்கள். "வாரம் இரண்டு நாள் மையத்துக்கு வந்தால் தனிமை குறையும்" என்பார்கள். மையத்துக்கு வெளியேயும் குறையுமா, மையத்துக்குள் மட்டுமா? இந்த இடத்தில்தான் பல சேவைகளின் கணக்கு தடுமாறும். மையத்தில் கலகலப்பாக இருப்பவர் மற்ற ஐந்து நாளும் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

உலக சுகாதார நிறுவனம் 2001இல் ஏற்ற செயல்பாடு, குறைபாடு, நலம் பற்றிய வகைப்பாடு இங்கே கைகொடுக்கும். உடலின் இயக்கம், ஒரு செயலைச் செய்யும் திறன், வாழ்க்கையில் பங்கேற்பு, சூழல் என்று அது பிரிக்கிறது. மருத்துவமனை முதல் இரண்டைப் பார்க்கிறது. சமூக ஆதரவுச் சேவை பொதுவாகக் கடைசி இரண்டுக்கும் பொறுப்பு. ஆகவே நினைவாற்றல் தேர்வில் மதிப்பெண் உயரவில்லை என்று இந்தச் சேவையைக் குறை சொல்வது தவறு. நினைவு அப்படியே இருக்க, கைபேசி நினைவூட்டலின் உதவியோடு அவர் மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டால் அது வெற்றி.

படி 3: எல்லாரையும் கணக்கில் கொண்டுவருங்கள்

கடந்த ஓராண்டில் சேவைக்குப் பரிந்துரைக்கப்பட்ட ஒவ்வொருவரையும் பெயரின்றி எண்ணிட்டு ஒரு பட்டியலில் எழுதுங்கள். பரிந்துரைக்கப்பட்டவர், முதல் சந்திப்புக்கு வந்தவர், ஏற்றுக்கொள்ளப்பட்டவர், சேவையைத் தொடங்கியவர், 3 மாதம் நீடித்தவர், 6 மாதம் நீடித்தவர் என ஆறு நிலைகளில் தலைகளை எண்ணுங்கள். ஒவ்வொரு படியிலும் எத்தனை பேர் உதிர்ந்தார்கள், ஏன் என்பதுதான் அடுத்த கேள்வி.

இடையில் நின்றவர்கள் தற்செயலாக நிற்பதில்லை. கோபத்தைக் கட்டுப்படுத்த முடியாமல் மையத்தில் சண்டையிட்டவர், குடிப்பழக்கம் உள்ளவர், அழைத்து வர வீட்டில் ஆள் இல்லாதவர், சந்திப்பு நாளை மறந்துவிட்டு இரண்டு முறை வராததால் பெயர் நீக்கப்பட்டவர் ஆகியோரே அதிகம் இருப்பார்கள். கடைசி ஆளைக் கவனியுங்கள். மறதி அவருடைய நோயின் பகுதி. மறந்ததற்காக அவரை நீக்கும் விதி, சேவை தேவைப்படுபவரையே சேவையிலிருந்து வெளியேற்றுகிறது. மீதமிருப்பவர்களை மட்டும் அளந்தால் எந்தச் சேவையும் நன்றாகத்தான் தெரியும். நின்றவர்களில் குறைந்தது 5 பேரையாவது தேடிப்பிடித்துப் பேசுங்கள். தொலைபேசியில் 10 நிமிடம் போதும்.

பேட்டிக்கு ஆள் தேர்ந்தெடுக்கும் வேலையைப் பணியாளர்களிடம் விடாதீர்கள். கெட்ட எண்ணம் இல்லாமலே, நன்றாகப் பேசுபவரையும் நன்றியோடு இருப்பவரையும்தான் காட்டுவார்கள். பட்டியலிலிருந்து நீங்களே குலுக்கல் முறையில் எடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் மூன்று அடிப்படை விவரங்கள் கட்டாயம்: காயம் எப்போது ஏற்பட்டது, அப்போது எவ்வளவு கடுமை, இப்போது யாரோடு வசிக்கிறார். கடுமைக்கு கிளாஸ்கோ நனவிழப்பு அளவையின் மதிப்பெண் மருத்துவமனைச் சீட்டில் இருக்கும். 13 முதல் 15 வரை லேசானது, 9 முதல் 12 வரை நடுத்தரம், 3 முதல் 8 வரை கடுமையானது. இது அடிபட்ட நேரத்து நிலை. அதை வைத்து இன்றைய வாழ்க்கையை ஊகித்துவிடக் கூடாது.

படி 4: வார அட்டவணை

மதிப்பீட்டின் இதயம் இதுதான். ஒரு தாளில் ஏழு நாட்களை மேலே எழுதி, ஒவ்வொரு நாளையும் காலை, மதியம், மாலை, இரவு என நான்காகப் பிரியுங்கள். மொத்தம் 28 கட்டங்கள். கடந்த வாரத்தில் ஒவ்வொரு கட்டத்திலும் நான்கு விஷயங்களை நிரப்புங்கள்:

- எங்கே இருந்தார்: வீடு, சேவை மையம், வெளியிடம்
- யாரோடு: தனியாக, குடும்பத்தார், பணியாளர், வேறு யாராவது
- என்ன செய்தார்
- எவ்வளவு உதவி: உதவியே இல்லை, நினைவூட்டல் மட்டும், அருகே நின்று கவனிப்பு, கையால் உதவி

இதை அவரோடும், உடனிருந்து பார்த்துக்கொள்பவரோடும் தனித்தனியாக நிரப்பினால் நல்லது. கைபேசியில் எடுத்த படங்கள், அழைப்புப் பட்டியல், சுவர் நாட்காட்டி, கடை ரசீது எல்லாம் நினைவைத் தூண்டும். "கடந்த ஆறு மாதத்தில்" என்று கேட்டால் ஊகம்தான் வரும். கடந்த ஏழு நாள் என்றால் பிடிமானம் உண்டு. அந்த வாரம் திருவிழா, காய்ச்சல், ஊர்ப்பயணம் என்று வழக்கத்துக்கு மாறாக இருந்திருந்தால் அதை விட்டு அடுத்த வாரத்தை எடுங்கள்.

நிரப்பிய தாளிலிருந்து மூன்று எண்கள் கிடைக்கும். வீட்டுக்கும் மையத்துக்கும் வெளியே கழிந்த கட்டங்கள் எத்தனை. குடும்பத்தாரும் சம்பளம் வாங்கும் பணியாளரும் தவிர்த்த வேறு மனிதரோடு இருந்த கட்டங்கள் எத்தனை. உதவியே இல்லாமல் அல்லது நினைவூட்டலோடு மட்டும் செய்த வேலைகள் எத்தனை. இரண்டாவது எண் பலருக்குச் சுழியமாக இருக்கும். அதைப் பார்த்து அதிர்ச்சியடையும் சேவைப் பொறுப்பாளர்கள் உண்டு, ஏனென்றால் வருகைப் பதிவேட்டில் இது ஒருபோதும் தெரியாது.

நான்காவதாக ஒன்றையும் பாருங்கள்: குடும்பத்தார் அருகே இருந்தே ஆகவேண்டிய கட்டங்கள். பாதிக்கப்பட்டவர் முன்னேறியதாகத் தெரியும்போது, அந்த முன்னேற்றத்தை மனைவியோ தாயோ தன் வேலையை விட்டுவிட்டுத் தாங்கிக்கொண்டிருக்கலாம். இந்த எண் கூடிக்கொண்டே போனால் சேவையின் சுமை வேறொரு தோளுக்கு மாறியிருக்கிறது என்று பொருள்.

படி 5: துணை அளவைகளைத் தேர்வது

முதல்முறை செய்பவருக்கு இரண்டு அளவைகள் போதும். பாதிக்கப்பட்டவர் செலவிடும் மொத்த நேரம் 45 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. இந்தத் துறையில் புழங்கும் சிலவற்றையும், அவை எங்கே காலை வாரும் என்பதையும் சொல்கிறோம்.

மேயோ-போர்ட்லேண்ட் தகவமைப்பு அளவையின் நான்காம் பதிப்பு (எம்.பி.ஏ.ஐ-4): 29 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண். திறன், மனநிலைத் தகவமைப்பு, பங்கேற்பு என மூன்று பகுதிகள். மதிப்பெண் கூடினால் சிக்கல் கூடுதல் என்று அர்த்தம். புதியவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுவது வழக்கம். பாதிக்கப்பட்டவர், உறவினர், பணியாளர் மூவருமே தனித்தனியாக நிரப்பலாம் என்பது இதன் பெரிய பலம். பங்கேற்புப் பகுதியின் 8 கேள்விகளை மட்டும் தனியாகவும் பயன்படுத்தலாம். சமூகச் சேவைக்கு ஒன்றே ஒன்று எடுக்க வேண்டுமென்றால் இதை எடுங்கள்.

சமூக ஒருங்கிணைப்புக் கேள்வித்தாள் (சி.ஐ.க்யூ.): 15 கேள்விகள், மொத்தம் 29 மதிப்பெண். வீடு 10, சமூகம் 12, வேலையும் கல்வியும் 7. இங்கே கூடினால் நல்லது. இதன் குறையையும் தெரிந்துகொள்ளுங்கள். வீட்டில் சமைப்பது யார், கடைக்குப் போவது யார் என்று கேட்கிறது. அடிபடும் முன்பும் சமைக்காத ஒருவருக்கு அதில் மதிப்பெண் குறையும், ஆனால் அது காயத்தால் வந்த இழப்பு அல்ல. "முன்பு நீங்கள் செய்தீர்களா?" என்ற ஒரு கேள்வியைப் பக்கத்தில் நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை மாற்றாமல், விளக்கத்துக்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

கண்காணிப்பு அளவை: ஒருவருக்கு எவ்வளவு நேரம் ஆள் காவல் தேவை என்பதை 1 முதல் 13 வரை குறிக்கிறது. சில நிமிட வேலை. பாதுகாப்பு முக்கியமான சேவைகளுக்கு ஏற்றது.

சாரிட் பராமரிப்புச் சுமைப் பேட்டி: குடும்பத்தாருக்கு, 22 கேள்விகள், 0 முதல் 88 வரை.

மருத்துவமனையில் புழங்கும் எஃப்.ஐ.எம். (செயல்சார் தற்சார்பு அளவை) என்ற அளவையைக் கொண்டுவந்து வைக்கச் சொல்வார்கள். 18 கேள்விகள், 126 அதிகபட்ச மதிப்பெண். சாப்பிடுதல், உடுத்துதல், நடத்தல் ஆகியவற்றுக்குத்தான் இதில் பெரும்பங்கு. வீடு திரும்பியவர்களில் பலர் ஏற்கெனவே உச்சத்தைத் தொட்டிருப்பார்கள். அதற்கு மேல் ஏற இடம் இல்லை, எனவே சேவை எவ்வளவு உழைத்தாலும் இதில் மாற்றம் தெரியாது.

இவற்றோடு தனிநபர் இலக்கு அளவையையும் (ஜி.ஏ.எஸ்.) சேர்ப்பது நல்லது. 1968இல் மனநலச் சேவைகளுக்காக உருவானது, பிறகு மறுவாழ்வுத் துறைக்கும் வந்தது. ஒவ்வொருவரும் தன் இலக்கைத் தானே சொல்ல, அதை ஐந்து படிகளாக எழுதுவார்கள்: எதிர்பார்த்த விளைவுக்கு 0, அதைவிடக் கூடுதலுக்கு +1, +2, குறைவுக்கு −1, −2. எடுத்துக்காட்டு:

−2: வீட்டை விட்டு வெளியே போவதில்லை
−1 (இன்றைய நிலை): பணியாளர் கூட வந்தால் நூலகத்துக்குப் போகிறார்
0: பழகிய வழியில், கைபேசிக் குறிப்பைப் பார்த்து, வாரம் ஒருமுறை தனியாகப் போய் வருகிறார்
+1: வாரம் இரண்டு முறை தனியாகப் போய் வருகிறார்
+2: வழி மாறினாலும் கேட்டுத் தெரிந்துகொண்டு போய் வருகிறார்

இன்றைய நிலையை −2இல் வைத்தால், நிலைமை மோசமானால் குறிக்க இடமிருக்காது. அதனால் −1இல் வைப்பதே மேல். ஒரு சேவையில் எல்லாரும் +1, +2 என்று குவிந்தால் மகிழ்ந்துவிடாதீர்கள். இலக்குகளை எளிதாக எழுதியிருக்கிறார்கள் என்பதற்கான அறிகுறி அது. நன்றாக எழுதிய இலக்குகளில் விளைவுகள் 0ஐச் சுற்றி இருபுறமும் விழும். இலக்கை எழுதுபவரும் ஆறு மாதம் கழித்து மதிப்பெண் போடுபவரும் வெவ்வேறு ஆட்களாக இருக்கட்டும்.

எந்த அளவையையும் நீங்களே மொழிபெயர்த்துப் பயன்படுத்தாதீர்கள். உரிமையாளரிடம் அனுமதியும், சரிபார்த்த மொழிபெயர்ப்பும் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வார அட்டவணையும் இலக்கு அளவையும் மட்டுமே போதும்.

படி 6: பேட்டி

பணியாளர் அறையில் இருக்கக் கூடாது. பேட்டி எடுப்பவரும் அந்தச் சேவையின் ஆளாக இருக்கக் கூடாது. "உண்மையைச் சொன்னால் சேவையை நிறுத்திவிடுவார்களோ" என்ற பயம் இவர்களுக்கு நிஜமானது. பதில் எதுவானாலும் சேவை தொடரும் என்பதை முதலில் வாயால் சொல்லுங்கள், பெரிய எழுத்தில் ஒரு அட்டையிலும் எழுதிக் கொடுங்கள்.

ஒப்புதல் பெறும்போது கையெழுத்தோடு நிறுத்தாதீர்கள். "நாம் எதற்காகப் பேசப்போகிறோம் என்று உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். சொல்ல முடியவில்லையென்றால் மறுபடி விளக்குங்கள். அப்போதும் புரியாமல், சட்டப்படி வேறொருவர் ஒப்புதல் தந்தாலும், அவர் முகம் வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அடுத்த சந்திப்பில் எல்லாவற்றையும் மறந்திருக்கலாம், ஆகவே ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்க வேண்டும்.

நேரம்: அவர் தெளிவாக இருக்கும் பொழுது. பலருக்கு அது காலை. 20 நிமிடத்துக்கு ஒருமுறை இடைவேளை. கண்கள் அலைவது, பதில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்குவது, எரிச்சல் தலைகாட்டுவது ஆகியவை மூளைக் களைப்பின் அறிகுறிகள். அங்கே நிறுத்திவிட்டு மறுநாள் தொடருங்கள். களைப்பில் வாங்கிய பதில்களைக் கணக்கில் சேர்ப்பதைவிட அந்த இடத்தை வெறுமையாக விடுவது மேல். தொலைக்காட்சியை அணைக்கச் சொல்லுங்கள். பின்னணிச் சத்தம் இவர்களுடைய கவனத்தைச் சுக்குநூறாக்கும்.

கேள்விகள் ஒரு நேரத்தில் ஒன்று, குறுகிய வாக்கியம். "உதவியும் மரியாதையும் கிடைத்ததா?" என்பது இரண்டு கேள்வி. பதில் அளவுகோலைப் பெரிய எழுத்தில் அட்டையாக அச்சிட்டு அவர் முன் வையுங்கள், இல்லாவிட்டால் நான்காவது விருப்பத்தைச் சொல்லும்போது முதலாவது மறந்திருக்கும். சிலர் எதைக் கேட்டாலும் ஆம் என்பார்கள். "உங்களைக் கேட்டுத் திட்டம் போடுகிறார்களா?" என்றதற்கு ஆம் என்றால், சற்று நேரம் கழித்து "திட்டத்தை அவர்களே போட்டுவிடுகிறார்களா?" என்று கேளுங்கள். இரண்டுக்கும் ஆம் வந்தால் அந்தப் பதிலைப் பயன்படுத்த முடியாது. "கடைசியாக எப்போது, என்ன நடந்தது, சொல்லுங்கள்" என்ற கேள்வியே எல்லாவற்றையும்விடப் பயன்படும்.

நடக்காததை நடந்ததாக ஒருவர் உறுதியோடு சொல்வதும் உண்டு. அவர் பொய் சொல்லவில்லை. நினைவில் விழுந்த ஓட்டையை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. அங்கேயே மறுத்து அவரை அவமானப்படுத்தாமல், வேறு ஆதாரத்தோடு பிறகு ஒப்பிடுங்கள்.

குடும்பத்தாரிடம் தனியாகப் பேசுங்கள். இருவர் பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போகாது. நடை, பார்வை போன்ற உடல் விஷயங்களில் ஒத்துப்போகும். நினைவு, கோபம், பிறரோடு பழகுதல் ஆகியவற்றில் பாதிக்கப்பட்டவர் "எனக்கு ஒன்றுமில்லை" என்பார், உறவினர் நீளமாகப் பட்டியலிடுவார். தன் குறை தனக்கே தெரியாமல் இருப்பது இந்தக் காயத்தின் விளைவு. அதற்காக உறவினர் சொல்வதை மட்டும் உண்மையாக எடுத்துக்கொள்வதும் சரியல்ல, அவர் சோர்ந்திருந்தால் எல்லாம் இருண்டுதான் தெரியும். இரண்டையும் சராசரி போட்டு ஒன்றாக்காதீர்கள். தனித்தனியே எழுதி, இடைவெளியையும் ஒரு தகவலாகப் பதியுங்கள்.

பேச்சில் தற்கொலை எண்ணமோ, யாராவது அடிப்பதோ, பணத்தைப் பிடுங்குவதோ வெளிவந்தால் யாரை அழைக்க வேண்டும் என்பது பேட்டிக்குப் போகும் முன்பே உங்கள் கையில் எழுதி இருக்க வேண்டும். மூளைக் காயத்துக்குப் பிறகு தற்கொலை ஆபத்து கூடுகிறது. இது சடங்குக்கான எச்சரிக்கை அல்ல.

படி 7: நேரில் பார்ப்பது

சேவை நடக்கும் இடத்தில் குறைந்தது மூன்று வேளை உட்கார்ந்து பாருங்கள். பார்க்க வேண்டியது ஒன்றே: பணியாளர் செய்து கொடுக்கிறாரா, செய்ய வைக்கிறாரா? தேநீர் போடும் ஒரு வேலையை எடுத்து, ஒவ்வொரு கட்டத்திலும் என்ன வகை உதவி வந்தது என்று குறியுங்கள். பணியாளர் காத்திருந்தார், சைகை காட்டினார், குறிப்புக் கேள்வி கேட்டார் ("அடுத்து என்ன?"), நேரடியாகச் சொன்னார், அவரே செய்து கொடுத்தார். காத்திருத்தல் எத்தனை நொடி என்றும் எண்ணுங்கள். இவர்களுக்குத் தகவலை உள்வாங்கிச் செயலைத் தொடங்க நேரம் பிடிக்கும். இரண்டு நொடியில் குறுக்கிடும் அன்பான பணியாளர், அவர் கற்றுக்கொள்ளும் வாய்ப்பைப் பறித்துவிடுகிறார். மூன்று மாதம் கழித்து அதே வேலையை அதே முறையில் பாருங்கள். பணியாளரே செய்து கொடுப்பதிலிருந்து வெறுமனே காத்திருப்பதை நோக்கி உதவி குறைந்திருக்க வேண்டும்.

பதிவேட்டிலிருந்து எடுக்க வேண்டியவை: பரிந்துரை நாளுக்கும் முதல் சந்திப்புக்கும் இடையே எத்தனை நாள், திட்டமிட்ட மணிநேரத்தில் எவ்வளவு உண்மையில் கிடைத்தது, ஓராண்டில் ஒருவருக்கு எத்தனை பணியாளர் மாறினார்கள். புதுமுகத்தை நினைவில் வைக்கவே திணறுபவருக்கு ஆள் மாற்றம் பெரிய அடி.

படி 8: எண்களைப் படிப்பது

சேவை தொடங்கும் முன் ஒருமுறை, பிறகு 3, 6, 12 மாதங்களில் அளவிடுங்கள். முதல் அளவு இல்லையென்றால் பிற்பாடு எடுப்பதற்கு ஒப்பிட ஒன்றும் இருக்காது. ஒவ்வொரு முறையும் அதே உறவினர், அதே வேளை, அதே முறை. முதலில் நேரிலும் பிறகு தொலைபேசியிலும் கேட்டால், வித்தியாசம் சேவையால் வந்ததா, கேட்ட விதத்தால் வந்ததா என்று பிரிக்க முடியாது.

காயம் ஏற்பட்ட முதல் ஆறு மாதத்தில் மூளை தானாகவே வேகமாகத் தேறும். அந்தத் தேறுதல் மெல்லக் குறைந்து ஓரிரு ஆண்டு நீடிக்கும். இந்தக் காலத்தில் சேர்ந்தவர்கள் முன்னேறினால் சேவைதான் காரணம் என்று சொல்ல முடியாது. காயம் ஏற்பட்டு ஓராண்டுக்கு உட்பட்டவர், 1 முதல் 3 ஆண்டு, அதற்கு மேல் என்று மூன்றாகப் பிரித்துப் பாருங்கள். காத்திருப்போர் பட்டியல் இருந்தால் அவர்களையும் அதே இடைவெளியில் அளவிடுங்கள். யாருக்கும் சேவையை மறுக்காமல் கிடைக்கும் நல்ல ஒப்பீடு அது. மிக மோசமான நிலையில் வந்து சேருபவர்கள் எதுவும் செய்யாமலே கொஞ்சம் மீள்வார்கள் என்பதையும் இந்த ஒப்பீடு காட்டிக்கொடுக்கும்.

எம்.பி.ஏ.ஐ-4இல், அந்த அளவையின் கையேட்டில் உள்ள அட்டவணையைப் பார்த்து மாற்றிய மதிப்பெண்ணில் (டி-மதிப்பெண்) 5 புள்ளி குறைந்தால் வாழ்க்கையில் பொருள்படும் மாற்றம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். 2 புள்ளியைப் பெரிய வெற்றியாக எழுதாதீர்கள்.

20 பேர் கொண்ட சேவையில் ஒரு ஆள் என்பது 5 சதவீதம். "65 சதவீதம் முன்னேற்றம்" என்று எழுதுவதைவிட "20 பேரில் 13 பேர் முன்னேறினர், 5 பேர் அப்படியே, 2 பேர் பின்னடைவு" என்று எழுதுங்கள். ஒவ்வொருவருக்கும் ஒரு கோடு வரைந்து காட்டினால் இன்னும் தெளிவு.

இரண்டு இடத்தில் எண்கள் ஏமாற்றும். ஒருவர் தன் குறைகளை உணரத் தொடங்கும்போது, தன்னைப் பற்றி அவரே தரும் மதிப்பெண் மோசமாகும், மனச்சோர்வும் எட்டிப்பார்க்கும். அதே சமயம் உறவினர் தரும் மதிப்பெண் மேம்பட்டிருக்கும். இதைப் பின்னடைவு என்று எழுதிவிட்டால், சேவை செய்த கடினமான நல்ல வேலையையே தண்டிக்கிறோம். ஆனால் அந்தக் கட்டத்தில் அவருக்கு மனநல ஆதரவு கிடைத்ததா என்று கட்டாயம் பாருங்கள். இன்னொன்று, காயம் பட்டுப் பத்தாண்டு ஆனவருக்கு மாற்றமே இல்லாமல் இருப்பது வெற்றியாக இருக்கலாம். ஆதரவு இல்லாவிட்டால் வேலையோ வீடோ போயிருக்கும். இத்தகையவர்களுக்கு, "எதைத் தக்கவைக்கிறோம்" என்பதையே இலக்காக முன்கூட்டி எழுதிவிடுங்கள்.

தீங்குகளையும் எண்ணுங்கள்: விழுந்தது, வலிப்பு வந்தது, மறுபடி மருத்துவமனையில் சேர்ந்தது, காவல்துறை தலையீடு, பணமோசடிக்கு ஆளானது. ஒவ்வொன்றுக்கும் தேதியும், சேவை நேரத்துக்குள்ளா வெளியிலா என்பதும் வேண்டும். தீங்கு ஒன்றுகூட இல்லாத பதிவேடு என்றால், பெரும்பாலும் எழுதவில்லை என்றுதான் அர்த்தம். செலவைக் கணக்கிடும்போது குடும்பத்தாரின் மணிநேரத்தையும் ஒரு வரியாகச் சேருங்கள்.

படி 9: அறிக்கையும் அதற்குப் பிறகும்

அறிக்கை 10 பக்கத்துக்குள் இருக்கட்டும். முதல் பக்கத்தில், தொடக்கத்தில் கேட்ட 3 கேள்விகளும் அவற்றின் பதில்களும். 5 பேருக்குக் குறைவான குழுவைப் பற்றித் தனியாக எண் கொடுக்காதீர்கள். சிறிய ஊரில் "பேருந்து விபத்தில் காயமுற்ற 24 வயதுப் பெண்" என்றாலே யாரென்று தெரிந்துவிடும்.

பேட்டி கொடுத்தவர்களுக்கு ஒரே பக்கத்தில் வேறொரு வடிவம் தயாரியுங்கள். பெரிய எழுத்து, ஒரு வரிக்கு ஒரு கருத்து, எது மாறப்போகிறது, எப்போது, யாரைக் கேட்கலாம். அதை அச்சிடும் முன் அவர்களில் இரண்டு பேரிடம் வாசித்துக் காட்டி, எங்கே தடுக்குகிறார்கள் என்று பார்த்துத் திருத்துங்கள். அதைத் தபாலில் அனுப்பாமல் நேரில் கொடுத்து, சேர்ந்து படியுங்கள்.

சேவையிலிருந்து விடைபெற்றவர்களின் தொடர்பு எண்ணையும், மாற்றுத் தொடர்புக்கு ஒரு உறவினர் எண்ணையும் அனுமதியோடு வாங்கி வையுங்கள். அவர்கள் வெளியேறி 6 மாதம் ஆனதும் அதே 28 கட்டத் தாளை எடுத்துக்கொண்டு போய் இன்னொரு முறை நிரப்புங்கள். முன்னேற்றம் நிலைத்திருக்கிறதா, கரைந்திருக்கிறதா என்பது அதில் தெரியும். கரைந்திருந்தால் எந்த நாளில், எந்த வேளையில், யாருடைய உதவி நின்றபோது கரையத் தொடங்கியது என்றும் எழுதிக்கொள்ளுங்கள். சேவையை எப்படி நிறுத்துவது, எதை எத்தனை மாதம் நீட்டிப்பது என்று முடிவெடுக்கப் பொறுப்பாளர்களுக்குத் தேவைப்படும் தகவல் அதுவே.